விலையை எழுதிப் போட்ட சந்தை

1999 நவம்பர் 14 அன்று மதுரை அண்ணாநகரில் தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் மு. கருணாநிதி தொடங்கிவைத்த அந்தத் திட்டம் ஏறத்தாழ ஓராண்டுக்குள் மாநிலமெங்கும் நூறு சந்தைகளாகப் பெருகியது. இன்று எண்ணிக்கை 180-ஐத் தாண்டிவிட்டது. இந்தச் சந்தைகளைப் பற்றி அரசு விளம்பரமும் மேடைப் பேச்சும் ஒரே கதையைத்தான் சொல்லிவருகின்றன: இடைத்தரகர் ஒழிந்தார், விளைவித்தவர் கையிலிருந்து காய் நேரே வாங்குபவர் பைக்குப் போனது, இருவருக்கும் ஆதாயம். கதையில் பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. கால் நூற்றாண்டு கழிந்த பிறகும் தமிழ்நாட்டுக் காய்கறியின் பெரும்பங்கு கமிஷன் மண்டி வழியாகத்தான் போகிறது. கோயம்பேடு, ஒட்டன்சத்திரம் மொத்த மார்க்கெட்டுகள் சுருங்கிவிடவில்லை. தரகரை ஒழிக்க வந்த திட்டம் என்று மட்டும் பார்த்தால், உழவர் சந்தை தோற்றுப்போனது என்றே எழுத வேண்டியிருக்கும். அப்படியானால் விடியற்காலையில் அங்கே ஏன் இன்னும் அவ்வளவு கூட்டம்? என் கணிப்பில் அதன் சாதனை வேறிடத்தில் இருக்கிறது. காய்கறி என்ற அழுகும் பண்டத்துக்கு, விற்பவர் வாங்குபவர் இருவர் கண்ணிலும் படும்படி, காலையிலேயே ஒரு விலையை எழுதிப் போட்டது அந்தச் சந்தை. எடையையும் விலையையும் பொதுவில் வைத்ததுதான் புதுமை. நேரடி விற்பனை இங்கே எப்போதும் இருந்தது.

விளைவித்தவரே விற்பதற்குச் சான்று தேடி அதிக தூரம் போக வேண்டியதில்லை. பெரும்பாணாற்றுப்படையில் மோர் விற்றுத் தானியம் பெற்று வீட்டாரை உண்பிக்கும் ஆயர் பெண் வருகிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்க மறுத்து எருமையும் பசுவும் கேட்கும் அளவுக்கு அவளுக்கு வியாபாரம் தெரிந்திருக்கிறது. மதுரைக்காஞ்சி மதுரையின் பகல் சந்தையான நாளங்காடியையும் இரவுச் சந்தையான அல்லங்காடியையும் விரித்துச் சொல்கிறது. சிலப்பதிகாரம் புகாரின் இரு பாக்கங்களுக்கும் நடுவே நாளங்காடியை வைக்கிறது. இவற்றைக் காட்டி, உழவர் சந்தை சங்ககால அங்காடியின் தொடர்ச்சி என்று சொல்லிவிடுவது மேடைக்கு உதவும், வரலாற்றுக்கு உதவாது. ஏனென்றால் தரகரும் கிட்டத்தட்ட அதே அளவு பழையவர். பல்லவர் காலச் செப்பேடுகள் தரும் வரிப் பட்டியலில் தரகு இடம்பெறுகிறது. சோழர் கல்வெட்டுகளில் அங்காடிப் பாட்டம் என்ற கடை வரி வருகிறது. அரசு தரகரை விரட்ட நினைக்கவில்லை, அவர் வருமானத்தில் தன் பங்கைக் கேட்டு வாங்கிக்கொண்டது. பிற்காலத்து வாரச் சந்தைகளிலும் இதே ஏற்பாடுதான். உள்ளாட்சி அமைப்பு சந்தையை ஏலம் விடும். ஏலம் எடுத்தவர் கூடைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று சுங்கம் வசூலிப்பார். இரண்டு கூடை கத்தரிக்காயோடு வந்து உட்காரும் கிழவி, முதல் காய் விற்குமுன்பே சுங்கம் கட்டியாக வேண்டும். விலையோ, கூவிக் கேட்டுப் பேரம் பேசித்தான் தெரியும். மாட்டுச் சந்தையில் இன்னும் ஒரு படி மேலே போய், துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். பக்கத்தில் நிற்பவருக்குக்கூட அது தெரியாது. நம் ஊர்ச் சந்தைகளில் நெடுங்காலம் விலை என்பது இரண்டு பேருக்குள் முடிகிற சங்கதியாகவே இருந்தது. விவரம் தெரிந்தவர், தெரியாதவரிடம் அடித்துக்கொள்ளும் ஆதாயமும் அதற்குள்ளேயே இருந்தது.

விலையையும் எடையையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற எண்ணம் சட்டமாக வந்தது ஆங்கிலேயர் காலத்தில். 1928-ல் அறிக்கை தந்த வேளாண்மைக்கான ராயல் கமிஷன், ஒழுங்குபடுத்தப்பட்ட சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. மதராஸ் மாகாணம் 1933-ல் வணிகப் பயிர்ச் சந்தைகளுக்கென்று ஒரு சட்டம் இயற்றியது. இன்று பல ஊர்களில் காணும் ஒழுங்குமுறை விற்பனைக் கூடங்களின் வேர் அதுதான். திருப்பூரில் பருத்திக்காக அமைந்த கூடம் அவற்றுள் மூத்தது. பருத்தி, நிலக்கடலை, புகையிலை ஆகிய மூன்றையும் அந்தச் சட்டம் முதலில் கவனித்ததில் வியப்பில்லை. ஆலைக்கும் கப்பலுக்கும் போகும் சரக்கு அவை. அவற்றின் தரத்திலும் எடையிலும் அரசுக்கும் பெருவணிகத்துக்கும் அக்கறை இருந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு 1959-லும் 1987-லும் சட்டங்கள் மாறின, பயிர்களின் பட்டியல் நீண்டது, கூடங்கள் கூடின. ஆனால் நகரத்துச் சமையலறைக்குப் போகும் கத்தரியும் வெண்டையும் கீரையும் அந்தக் கூடங்களுக்குள் பெரும்பாலும் நுழையவே இல்லை. பருத்தியைப் பொதி கட்டிக் கிடங்கில் வைத்து நல்ல விலைக்குக் காத்திருக்கலாம். பறித்த வெண்டைக்காய் மறுநாள் வதங்கிப்போகும், கீரை அன்று மாலையே வாடிவிடும். காத்திருக்க முடியாத சரக்கை வைத்திருப்பவருக்குப் பேரம் பேசும் பலமும் கிடையாது. அரசின் கை மிக அவசியமாகத் தேவைப்பட்ட இடம் அதுதான். சந்தைச் சட்டங்கள் 66 ஆண்டுக் காலம் அங்கே எட்டிப் பார்க்கவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியவர் மண்டிக்காரர். சென்னையில் ஜார்ஜ் டவுனின் கொத்தவால் சாவடி தலைமுறைகளாக மண்டி வியாபாரத்துக்குப் பெயர்போனது. நெரிசல் தாங்காமல் 1996-ல் அந்த மொத்த வியாபாரம் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டது. தெற்கே ஒட்டன்சத்திரம் கேரளத்துக்கு லாரி லாரியாகக் காய் அனுப்பும் ஊராக வளர்ந்தது. மண்டியின் ஏற்பாடு எளிது. விதைக்கும் உரத்துக்கும் முன்பணம் தருவார். விளைந்ததும் அவர் மண்டிக்கே மூட்டை வர வேண்டும். அவர் ஏலம் விடுவார், அல்லது அன்றைய வரத்தைப் பார்த்து விலை சொல்வார். பத்து விழுக்காட்டை ஒட்டிய கமிஷன், இறக்குக்கூலி, கழிவு என்று பிடித்தம் போக மிச்சத்துக்கு ஒரு சீட்டு எழுதித் தருவார். தோட்டக்காரர் ஊருக்குத் திரும்பிய பிறகுதான் பலசமயம் தன் காய்க்கு என்ன விலை கிடைத்தது என்பதே தெரியும். மண்டிக்காரரை வில்லனாக்கிவிடுவது சுலபம், ஆனால் நியாயமில்லை. வங்கி பட்டாவும் சிட்டாவும் கேட்டு அலையவிடும் நேரத்தில் ஒரு வார்த்தைக்குக் கடன் தருகிறவர் அவர். மழையில் சரக்கு குவிந்து வாங்க ஆளில்லாத நாளிலும் இறக்கிக்கொள்கிறவர் அவர். கடன், போக்குவரத்து, தரம் பிரித்தல், வெளியூர்த் தொடர்பு, நஷ்டத்தைத் தாங்கும் தெம்பு ஆகிய அத்தனையையும் ஒரே ஆள் தருகிறார். அதற்குக் கூலியாகக் கமிஷனோடு சேர்த்து, விலையைச் சொல்லும் உரிமையையும் எடுத்துக்கொள்கிறார். இந்தக் கடைசி விஷயம்தான் குற்றம். உழவர் சந்தை தாக்கியதும் அந்த ஓர் இடத்தைத்தான்.

திட்டம் வானத்திலிருந்து விழவில்லை. பஞ்சாபில் 1987-லேயே அப்னி மண்டி என்ற பெயரில் விவசாயிகள் நகரத்தாருக்கு நேரே விற்கும் சந்தைகள் வந்துவிட்டன. ஆந்திரத்தில் 1999 ஜனவரி 26 அன்று ரைத்து பஜார் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பரில் மதுரை. பக்கத்து மாநிலத்தைப் பார்த்துச் செய்தது என்று கேலி பேசலாம். நல்ல யோசனையைப் பார்த்துச் செய்வதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? தமிழ்நாட்டு வடிவம் நான்கு ஏற்பாடுகளின் மேல் நின்றது. கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் வேளாண்மை, தோட்டக்கலை அலுவலர்களின் கள ஆய்வையும் அடிப்படையாகக் கொண்டு, சாகுபடி செய்பவருக்குப் படத்துடன் அடையாள அட்டை. வாடகை இல்லாத கடை. நிரந்தர உரிமை யாருக்கும் கிடையாது, வருகிறவருக்கு அன்றன்று ஒதுக்கீடு. அரசே கொடுக்கும் தராசு, எடைக்கல். கிராமத்திலிருந்து காய்மூட்டையைக் கட்டணமின்றி ஏற்றிவரும் அரசுப் பேருந்து. இவற்றில் பேருந்தைப் பற்றித்தான் விவசாயிகள் அதிகம் பேசினார்கள், அதற்குக் காரணமும் உண்டு. இரண்டு கூடை காய்க்கு வண்டி வைத்தால் வண்டிக்கூலியே லாபத்தைத் தின்றுவிடும். மண்டிக்காரரின் லாரிதான் ஒரே வழி என்ற நிலையை விடியற்காலைப் பேருந்து உடைத்தது. கூடையோடு ஏறி, விற்று, பத்து மணிக்குள் தோட்டத்துக்குத் திரும்பிவிடலாம் என்றானதும் பெண்கள் பெருவாரியாக விற்க வந்தார்கள். மண்டிக்குப் போனது வீட்டு ஆண். சீட்டும் பணமும் அவர் கைக்குத்தான் வந்தன. சந்தைப் பணம் முதல் தடவையாக, காய் பறித்த கைக்கே வந்தது. திட்டத்தை வகுத்தவர்கள் இதை எதிர்பார்த்துச் செய்ததாகத் தெரியவில்லை.

இனி விலைப் பலகை. ஒவ்வொரு நாளும் அதிகாலையில் சந்தையின் அலுவலர்கள் மொத்த மார்க்கெட்டின் விலையையும் ஊர்ச் சில்லறைக் கடைகளின் விலையையும் விசாரித்து, விவசாயிகளின் பிரதிநிதிகளோடு கலந்து, அன்றைய விலையை முடிவு செய்கிறார்கள். மொத்த விலையைவிடச் சுமார் 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிடச் சுமார் 15 விழுக்காடு குறைவாகவும் இருக்க வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். அந்த விலை வாசலில் பலகையில் எழுதப்படுகிறது. இதன் பலனைச் சந்தைக்குள் மட்டும் தேடினால் கிடைக்காது. உழவர் சந்தை இருக்கும் தெருவின் தள்ளுவண்டிக்காரரும் மூலைக் கடைக்காரரும் அந்தப் பலகையைப் பார்த்துத்தான் விலை சொல்ல வேண்டியிருக்கிறது. தக்காளி கிலோ என்ன என்று கேட்கும் வீட்டுக்காரருக்கு, கேட்கும் முன்பே பதில் தெரிந்திருக்கிறது. அதேபோல, சந்தைக்குப் போகாமல் மண்டிக்கே மூட்டை அனுப்பும் விவசாயியும் மண்டிக்காரரிடம், அங்கே இன்று இவ்வளவு போட்டிருக்கிறதே என்று கேட்க முடிகிறது. பலகையில் எழுதிய விலைக்கு விற்பவர் சிலர். அதைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறவர் பலர். பேரம் ஒழியவில்லை, ஆனால் ஒருபக்கம் கண்ணைக் கட்டிக்கொண்டு பேரம் பேசும் நிலை ஒழிந்தது. தராசின் கதையும் இதுவே. வீசையும் மணங்கும் போய் மெட்ரிக் அளவு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகியும், தெருவோரத் தராசின் மேல் யாருக்கும் முழு நம்பிக்கை வந்ததில்லை. ஒரே வகைத் தராசு எல்லாக் கடையிலும், சந்தேகம் வந்தால் சரிபார்க்க அலுவலர் அங்கேயே என்றானதும், எடையைப் பற்றிய சண்டை குறைந்தது. உழவர் சந்தையில் நிறுவை சரியாக இருக்கும் என்பது நகரத்துக் குடும்பங்களில் பேச்சாகவே நிலைத்துவிட்டது. எந்த விளம்பரமும் வாங்கித் தர முடியாத பெயர் அது.

அரசு அலுவலர் எழுதும் விலை சந்தை விலையாகுமா, அது இன்னொரு வகைக் கட்டுப்பாடுதானே என்று கேட்கலாம். உலகின் பெயர்பெற்ற உழவர் சந்தைகள் பலவற்றில் இப்படி அலுவலர் விலை எழுதிப் போடும் வழக்கம் இல்லை. நியூயார்க்கில் 1976-ல் பாரி பெனெப்பி என்ற நகரமைப்பாளரும் அவர் கூட்டாளிகளும் தொடங்கிய கிரீன்மார்க்கெட்டில் விவசாயி தன் விலையைத் தானே வைக்கிறார். தான் விளைவித்ததை மட்டுமே விற்க வேண்டும் என்பதுதான் அங்கே கண்டிப்பான விதி. அங்கே அது போதும். சூப்பர் மார்க்கெட்டைவிடக் கூடக் கொடுத்தாலும் ருசியான தக்காளி வேண்டும் என்று வருகிறவர்கள் அந்தச் சந்தையைத் தாங்குகிறார்கள். நம் சந்தைக்கு வருகிறவர் மாதக் கடைசியை எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்தவர். அவரை இழுப்பது மலிவும் சரியான எடையும். விற்பவரோ பேரத்தில் பழக்கமில்லாத சிறு விவசாயி. இந்த இருவரையும் பலகையில்லாமல் எதிரெதிரே நிறுத்தினால், கூவி விற்கத் தெரிந்த வியாபாரி நடுவில் புகுந்துவிடுவார். மேலும், பலகையின் விலை யாரோ மேலிடத்தில் உட்கார்ந்து கற்பனை செய்த விலையும் இல்லை. மொத்த மார்க்கெட் ஏறினால் அது ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. தக்காளி விலை தாறுமாறாக ஏறிய நாட்களில் உழவர் சந்தையிலும் ஏறத்தான் செய்தது. இன்னொரு பக்கம், தக்காளியைச் சாலையில் கொட்டும் பருவத்தில் பலகையால் விவசாயியைக் காப்பாற்ற முடிந்ததில்லை. மண்டி விலையைப் பார்த்து எழுதும் விலை மண்டி விலையின் நிழலாகத்தான் இருக்கும். இது உண்மையான குறை. விலையைத் தூக்கி நிறுத்தும் கருவியாகப் பலகையை யாராவது விற்க முயன்றால் நம்ப வேண்டாம். விலையைத் தெரியவைக்கும் கருவி அது, அவ்வளவுதான்.

மொத்த வரத்தில் உழவர் சந்தையின் பங்கு அற்பம், அதை வைத்துப் பெரிதாகப் பேசுவானேன் என்பது பொருளாதாரம் படித்தவர்களின் ஆட்சேபம். பங்கு சிறிது என்பதை மறுக்க முடியாது. சிறிதாக இருப்பதற்குக் காரணமும் வெளிப்படை. சந்தைக்கு வரக்கூடியவர் நகரத்தைச் சுற்றி ஒரு காலைப்பொழுதில் வந்து திரும்பக்கூடிய தூரத்தில் இருப்பவர்தான். அவர் கொண்டுவருவது நாட்டுக் காய்கறி. பெரிய வெங்காயமும் உருளைக்கிழங்கும் தேடி வீட்டுக்காரர் மறுபடியும் கடைக்குத்தான் போக வேண்டும். இந்தக் குறையைப் போக்கப் பின்னாளில் பல சந்தைகளில் மலைக் காய்கறிக்கும் இடம் தந்தார்கள். பத்து ஏக்கரில் தக்காளி போட்டவர் கிலோக் கணக்கில் நிறுத்து விற்றுக்கொண்டிருக்க முடியாது, அவருக்கு மண்டிதான். நாள் முழுவதும் சந்தையில் உட்கார்ந்தால் தோட்டத்தில் தண்ணீர் யார் பாய்ச்சுவது? எனவே இந்த ஏற்பாடு அரை ஏக்கர், ஒரு ஏக்கர் தோட்டக்காரருக்கானது. ஆனால் பங்கை மட்டும் எண்ணுவது தவறான கணக்கு. ஊர்க் கிணற்றருகே ஒரு குழாய் வந்தால், குழாயில் பிடித்த குடங்களை மட்டும் எண்ணுவோமா, தண்ணீர் லாரிக்காரர் குடத்துக்கு எவ்வளவு கேட்கிறார் என்பதையும் பார்ப்போமா? மதுரையில் அண்ணாநகர், சொக்கிகுளம், பழங்காநத்தம் என்று சந்தைகள் வந்தபோது மொத்த மார்க்கெட் மூடப்படவில்லை. ஆனால் அந்தப் பகுதிகளில் காய் விற்கும் எவரும் பலகையைக் கண்டுகொள்ளாமல் கடை போட முடியவில்லை.

மூன்றாவது ஆட்சேபம் இவற்றைவிடக் கனமானது: விவசாயி வேடத்தில் வியாபாரி வந்துவிட்டார். இது உழவர் சந்தையின் முதல் ஆண்டிலிருந்தே கேட்கும் புகார். மொத்த மார்க்கெட்டில் விடிகாலை மூட்டை எடுத்து, உறவினர் அட்டையைக் காட்டி உள்ளே வந்து, பலகை விலைக்கு விற்றுப் போகிறவர்கள் உண்டு. ஒருவர் கடையில் கேரட்டும் முருங்கையும் சேனையும் சேர்ந்து கிடந்தால், ஒரே தோட்டத்தில் அவை எப்படி விளைந்தன என்று கேட்கத் தோன்றத்தான் செய்யும். அலுவலர்கள் அட்டைகளைச் சரிபார்த்து அவ்வப்போது ரத்து செய்கிறார்கள். சில நாள் கழித்துப் பழைய நிலை. ஆனால் இதே வாசலில் இதற்கு நேர்மாறான இன்னொரு அநியாயமும் நடக்கிறது, அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அட்டைக்கு நிலத்தின் பதிவு வேண்டும். தமிழ்நாட்டில் நகரத்தை ஒட்டிய காய்கறித் தோட்டங்களில் கணிசமானவை வாய்மொழிக் குத்தகை. குத்தகை உரிமையைப் பதிவு செய்வதற்கான சட்டம் 1969-லேயே வந்தாலும், நில உரிமையாளர் பதிவுக்குச் சம்மதிப்பது அரிது. ஆகவே குத்தகைக்கு எடுத்து வெயிலில் நிற்பவர் வாசலுக்கு வெளியே நிற்கிறார். பட்டா வைத்திருந்து விவசாயத்தை விட்டுவிட்டவரின் அட்டை உள்ளே போகிறது. போலி விவசாயி என்ற பிரச்சினையும் அட்டையில்லா விவசாயி என்ற பிரச்சினையும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன. நாம் சாகுபடியைச் சரிபார்ப்பதாகச் சொல்லிக்கொண்டு பெரும்பாலும் நிலத்தாளைச் சரிபார்க்கிறோம்.

அரசியல் இந்த வரலாற்றின் போக்கையே திருப்பியது. 2001-ல் ஆட்சி மாறியது. முந்தைய முதலமைச்சரின் பெயரோடு ஒட்டிக்கொண்ட திட்டம் என்பதால் புதிய அரசு அதில் அக்கறை காட்டவில்லை. கவனிப்பு குறைந்தது, பல சந்தைகள் வெறிச்சோடின. 2006-ல் தி.மு.க. திரும்பியதும் அவை மீட்கப்பட்டன, புதியவையும் திறக்கப்பட்டன. இந்த ஐந்தாண்டு இடைவெளி ஆராய்ச்சியாளருக்கு ஒரு பரிசோதனை போன்றது: அரசு கைவிட்டபோது எவை பிழைத்தன? கோயம்புத்தூர், சேலம், ஈரோடு பக்கம் கூட்டம் குறையாத சந்தைகள் இருந்தன. அங்கெல்லாம் நெருக்கமான குடியிருப்பும், ஊரை ஒட்டியே கிணற்றுப் பாசனக் காய்கறித் தோட்டங்களும், பேருந்து வசதியும் ஏற்கெனவே இருந்தன. ஊருக்கு ஒதுக்குப்புறமாக, கிடைத்த புறம்போக்கில் கட்டடம் எழுப்பித் திறந்துவைத்த சந்தைகள் முதலில் படுத்தன. ஓராண்டில் நூறு என்ற வேகத்தின் விலை அது. எண்ணிக்கைக்காகத் திறந்தவை சில, தேவைக்காகத் திறந்தவை சில. திருச்சி தென்னூர் உழவர் சந்தை மைதானம் காய்கறிக்கு எந்த அளவுக்குப் பேர்பெற்றதோ அந்த அளவுக்கு அரசியல் பொதுக்கூட்டத்துக்கும் பேர்பெற்றது என்பது தமிழ்நாட்டுக்கே உரிய வேடிக்கை. ஆனால் சந்தையில் அரசியல் கலந்ததை ஆந்திரத்தோடு ஒப்பிட்டால் வேடிக்கையாகத் தெரியவில்லை. அங்கே ஆட்சிகள் மாறியும் ரைத்து பஜார்கள் இவ்வளவு தடுமாறவில்லை. இங்கே 2013-ல் அ.தி.மு.க. அரசு கூட்டுறவுத் துறை மூலம் பண்ணைப் பசுமை நுகர்வோர் கடைகளைத் திறந்தது. விவசாயிகளிடம் காய் வாங்கி மலிவாக விற்றது. நல்ல முயற்சிதான். ஆனால் ஏற்கெனவே இருந்த சந்தைகளின் தொடர்ச்சியாக அது வராமல் தனித் திட்டமாக நின்றது. ஒரு கட்சியின் சந்தை, இன்னொரு கட்சியின் கடை என்று காய்கறிக்குக்கூடக் கொடி கட்டிவிட்டோம்.

2020-ஆம் ஆண்டு ஊரடங்கு இந்தச் சந்தைகளின் உண்மையான மதிப்பைக் காட்டியது. சென்னைக்கே சோறு போடும் கோயம்பேடு, தொற்று பரவும் மையமாகி மே மாதத் தொடக்கத்தில் மூடப்பட்டது. வியாபாரம் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் குவித்த மொத்த மார்க்கெட் முறையின் பலவீனம் அப்போது எல்லோருக்கும் தெரிந்தது. மாவட்டத் தலைநகரங்களிலோ உழவர் சந்தைகளைப் பேருந்து நிலையங்களுக்கும் பள்ளி மைதானங்களுக்கும் மாற்றி, கடைக்குக் கடை இடைவெளி விட்டு நடத்தினார்கள். யாருக்கு அட்டை இருக்கிறது, எந்தக் கிராமத்திலிருந்து வருகிறார், இன்று என்ன விலை என்பதெல்லாம் அலுவலர்களிடம் ஏற்கெனவே இருந்ததால்தான் சில நாட்களில் அது முடிந்தது. கொட்டகையும் மேடையும் இல்லாமல் திறந்த மைதானத்தில் சந்தை நடந்தது. அட்டையும் தராசும் பலகையும் இருந்தால் போதும், கட்டடம் இரண்டாவது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. இதை நாம் மறந்துவிடக்கூடாது என்பதற்குக் காரணம், அடுத்து வந்த ஆண்டுகளின் செலவு பெரும்பாலும் கட்டடத்துக்குப் போனதுதான். 2021 ஆகஸ்ட் 14 அன்று தாக்கல் செய்யப்பட்ட தமிழ்நாட்டின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கை உழவர் சந்தைகளைப் புதுப்பிப்பதையும் புதியவற்றைத் திறப்பதையும் அறிவித்தது. அதன் பின் சிறுதானியம், பருப்பு, நாட்டுச் சர்க்கரை போன்றவற்றை மாலை நேரத்தில் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் விற்கும் ஏற்பாடும் வந்தது. மதியத்துக்குப் பிறகு பூட்டிக் கிடக்கும் இடத்தைப் பயன்படுத்துவது புத்திசாலித்தனம். கழிப்பறையும் குடிநீரும் சரியான கூரையும் தேவைதான், அவை இல்லாமல் பெண்கள் பயணம் செய்து வந்து உட்கார முடியாது. ஆனால் வண்ணம் பூசி முடித்ததும் சந்தை சீராகிவிட்டதாக எண்ணினால் 2001 திரும்ப வரும்.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு 1933 முதல் சட்டம் இருக்கிறது. எந்த ஆட்சி வந்தாலும் அதை நடத்தியாக வேண்டும். உழவர் சந்தை அரசாணையில் பிறந்தது, அரசின் விருப்பத்தில் வாழ்கிறது. பலகை விலை எப்படி முடிவாகிறது, அந்தக் கூட்டத்தில் விவசாயிகளின் குரல் எவ்வளவு, அட்டை யாருக்கு என்பவை சட்டத்தில் எழுதப்பட வேண்டும். அட்டைக்கு அடிப்படை பட்டாவாக இல்லாமல் பருவந்தோறும் வயலைப் பார்த்து எழுதும் அடங்கலாக இருக்க வேண்டும். அப்போது குத்தகைக்காரர் உள்ளே வருவார், தோட்டமே இல்லாத அட்டைக்காரர் வெளியே போவார். அடங்கலை உள்ளபடி எழுதினால் நில உரிமையாளர்கள் கோபிப்பார்கள், கிராம நிர்வாக அலுவலருக்கு நெருக்கடி வரும் என்பது தெரிந்ததே. அந்த நெருக்கடியைச் சந்திக்கத் துணியாத அரசு, எந்தக் கட்சியினுடையதாக இருந்தாலும், உழவர் சந்தையின் பெருமையைப் பற்றி மேடையில் பேசுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம்.